அச்சாணிக்கு அலையும் உழவர்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையை உலகம் அறியும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதன் பொருட்டுப் பொருதினர். இன்றும் வல்லரசுகள் அதன்மீது கண்வைத்தே நிற்கின்றன. ஆனால், அத்துறைமுகத்தின் தெற்கே, கொட்டியார்க் குடாவைக் கடந்து, மூதூருக்கும் வெருகல் ஆற்றுக்கும் இடையே கிடக்கும் ஈச்சிலம்பற்றுக் கமக்காரனுக்கு ஒரு பெயாரிங் தேவைப்பட்டால் அது எங்கிருந்து வரவேண்டும்? ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பு மாநகரின் பஞ்சிகாவத்தைக் கடைத்தெருவிலிருந்து வரவேண்டும்! கடல்வாசலில் குடியிருப்பவன் தனக்கு வேண்டிய பண்டத்துக்கு நாட்டின் மறுகோடியிற் போய்க் கைகட்டி நிற்கிறான். இந்த விந்தையை விந்தை என்று எவரும் கருதுவதில்லை என்பதே இதிலுள்ள பெரிய விந்தை.

சென்ற பெரும்போகத்தில் ஒரு முதிய கமக்காரர் எமது அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய கையில் ஒரு லீசிங் நிறுவனத்தின் வழக்கறிஞர் அனுப்பிய கடிதம் இருந்தது. இரு தவணை கட்டப்படவில்லை. உரிய காலத்துள் கட்டாவிடின் உழவு இயந்திரம் கையேற்கப்படும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கோ தமிழ் ஒன்றே தெரியும்.

“என்ன நடந்தது?” என்று கேட்டோம்.

“ஒண்டும் நடக்கேல்லைத் தம்பி, மெசின் நிண்டு போச்சு. அவ்வளவுதான்,” என்றார் அவர்.

இருசில்லு உழவு இயந்திரத்தின் அச்சிலுள்ள ஒயில் சீல் தேய்ந்து போயிற்று. உள்ளங்கையில் அடங்கும் ஒரு இறப்பர் வளையம் அது. அது தேய்ந்ததும் சேற்றுநீர் உள்ளே புகுந்தது, எண்ணெய் கெட்டது, பெயாரிங் உடைந்தது, உடைந்த துண்டு பற்சில்லையும் கடித்தது. மூதூரில் தேடினார், இல்லை. திருகோணமலைக்குப் போனார், அளவு பொருந்தவில்லை. கொழும்புக் கடையொன்றுக்குத் தொலைபேசியில் சொல்லி, இரவு பஸ் நடத்துநரின் கையிற் பொதியைக் கொடுத்தனுப்பச் செய்தார். கேட்ட விலையைக் கொடுத்தார். பற்றுச்சீட்டு வரவில்லை. வந்த பொருளும் அரைப்போகம் தாங்கவில்லை. இதற்கிடையில் வாய்க்காலில் தண்ணீர் விட்ட நாட்கள் கழிந்தன. பிறருடைய இயந்திரத்தைக் கூலிக்கு அமர்த்தி உழுதார், பிந்தி விதைத்தார், குறைய விளைந்தது, தவணை நின்றது. கடிதம் வந்தது.

சட்டம் பயின்ற யாம் அக்கடிதத்துக்கு ஒரு மறுமொழி எழுதினோம். அது எமது தொழில். ஆயினும், எழுதும்போதே ஒரு நாணம் எம்மைப் பற்றிக்கொண்டது. நோய் ஓரிடத்தில் இருக்க, மருந்தை வேறோரிடத்தில் அல்லவா பூசுகிறோம்? இவரைக் கடனாளியாக்கியது சோம்பலா? ஊதாரித்தனமா? இல்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு வளையம்!

“அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்பது நம் முன்னோர் மொழி. அச்சாணி என்ன விலை, தேர் என்ன விலை என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. சிறிய பொருள் இல்லாதபோது பெரிய பொருள் பொருளே அன்று என்பதை அறிந்திருந்தார்கள். இவ்வெளிய உண்மையை நம்மை ஆளும் அறிஞர்கள் அறியார் போலும்!

நகரத்தில் இருக்கும் அன்பர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வழக்கறிஞரின் மோட்டார்க் கார் ஒரு கிழமை திருத்தகத்தில் கிடந்தால் அவர் பஸ்ஸில் நீதிமன்றம் செல்வார், வழக்கு நடக்கும். வைத்தியரின் வண்டி பழுதானால் நோயாளி அவரைத் தேடி வருவான். கமக்காரனின் நிலை அத்தகையதன்று. அவனுடைய இயந்திரம் ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. பெரும்போகத்தில் சில கிழமைகள், சிறுபோகத்தில் சில கிழமைகள் ஓடுகிறது. அந்தச் சில கிழமைகளில் இரவுபகலாக ஓடவேண்டும். ஆகவே, அது உடைவதும் அந்தக் கிழமைகளிலேதான். ஒரு பிரதேசத்தின் இயந்திரங்கள் யாவும் ஒரே காலத்தில் ஓடுவதால், யாவருக்கும் ஒரே பொருள் ஒரே கிழமையில் வேண்டியிருக்கிறது. கடைக்காரரிடம் இருப்பதோ இரண்டொன்று. விலை ஏறாமல் என்ன செய்யும்?

அறுவடைக்காலத்திலும் இதே கதைதான். நெல்வெட்டும் இயந்திரத்தின் வெட்டுக் கத்தியோ, சங்கிலியோ, பெல்ட்டோ அறுந்தால் முற்றிய கதிர் மழைக்குக் காத்து நிற்பதில்லை. வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் புல் வெட்டும் சிறு இயந்திரம் முதல் நான்கு சில்லு உழவு இயந்திரம் வரை இவ்விதி எல்லாவற்றுக்கும் பொதுவானது.

இனி, விலை ஏறிய கதையைச் சிறிது கணக்காகவே பார்ப்போம். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் ஏறத்தாழ 203 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் அது 360 ரூபா அளவைத் தொட்டது. 2025இல் 300 ரூபாவை அண்டி நின்றது. பெறுமதி சேர் வரியின் பொது வீதம் 2022 மே வரை நூற்றுக்கு 8. அவ்வாண்டு யூனில் 12 ஆயிற்று. செப்டெம்பரில் 15 ஆயிற்று. 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. 100 டொலர் பெறுமதியுள்ள, வரிவிலக்குப் பெறாத ஓர் உதிரிப்பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு 20,300 ரூபா. 8 வீத வரியுடன் 21,924 ரூபா. பின்பு 30,000 ரூபா. 18 வீத வரியுடன் 35,400 ரூபா. இறக்குமதியாளர் ஒரு சதமும் கூடுதலாக இலாபம் வைக்காத நிலையிலேயே விலை நூற்றுக்கு அறுபதுக்கு மேல் ஏறிவிட்டது. சுங்கத் தீர்வையும், 2022 ஒக்டோபரில் வந்த 2.5 வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும், கொழும்பிலிருந்து ஈச்சிலம்பற்று வரையுள்ள கைமாற்று இலாபங்களும் இக்கணக்கில் சேரவில்லை.

நெல்லின் விலை இவ்வாறு டொலரைப் பின்பற்றி ஏறி, ஏறிய இடத்திலேயே நிற்கிறதா? அறுவடை வந்ததும் விழுகின்ற விலை அது. வாங்குவதை உலகச் சந்தையில் வாங்கி, விற்பதை உள்ளூர்த் தரகனிடம் விற்கும் ஒருவன் எக்காலத்தில் தலைநிமிர்வான்? உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். இன்று அந்த உழக்கையும் உதிரிப்பாகக் கடை கொண்டுபோகிறது.

“கமத்தொழிலுக்கு அரசாங்கம் சலுகை வழங்குகிறதே!” என்று சிலர் கூறுவர். அங்கேதான் சட்டம் பயின்றவன் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. உலக நாடுகள் யாவும் பின்பற்றும் சுங்கப் பட்டியலில் உழவு இயந்திரம் 8701 ஆம் தலைப்பில் வருகிறது. வாகனங்களின் உதிரிப்பாகங்கள் 8708 ஆம் தலைப்பில் வருகின்றன. அறுவடை இயந்திரமும் புல்வெட்டும் இயந்திரமும் 8433 இல் அடங்குகின்றன. ஆனால், பெயாரிங் 8482, இறப்பர் பெல்ட் 4010, ஆணியும் சுரையும் 7318, வடிகட்டி 8421. பொதுப் பாவனைக்குரிய இப்பொருள்கள் வாகனத்தின் உதிரிப்பாகங்களாகக் கொள்ளப்படா என்று அப்பட்டியலின் குறிப்புகளே விதிக்கின்றன. இதன் பொருள் யாது? நாளை ஒரு மந்திரி எழுந்து, “உழவு இயந்திரத்துக்கும் அதன் பாகங்களுக்கும் வரி நீக்கினோம்” என்று முழங்கினாலும், கமக்காரன் அடிக்கடி வாங்கும் பெயாரிங்கும் பெல்ட்டும் ஆணியும் அந்த முழக்கத்துள் அடங்காமலே போகலாம். சலுகை தேருக்குக் கிடைக்கும், அச்சாணிக்குக் கிடையாது.

நாம் இந்நிலைக்கு எவ்வாறு வந்தோம்? நம் பாட்டன்மார் எருமை பூட்டி உழுதார்கள். இருசில்லு உழவு இயந்திரத்தை 1950களில் உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் நம் நாட்டு அறிஞர் றே விஜேவர்தன. அது ‘லேண்ட்மாஸ்டர்’ என்னும் பெயரில் வந்தது. இன்றும் பல ஊர்களில் எந்த நிறுவனத்தின் இருசில்லு இயந்திரத்துக்கும் அப்பெயரே வழங்குகிறது. அதே அறிஞர் பிற்காலத்தில் தம் படைப்பையே ஐயுற்று வினவினார் என்பது பலரும் அறிந்த செய்தி. எருமை கன்று ஈனும், பால் தரும், எரு இடும். இயந்திரம் ஈனாது. அதன் ஒவ்வோர் உறுப்பையும் அந்நியச் செலாவணி கொடுத்தே வாங்கவேண்டும்.

ஆயினும், எருமைக்குத் திரும்புங்கள் என்று ஈச்சிலம்பற்று மக்களிடம் கூற எவருக்கு வாய் வரும்? 2004இல் ஆழிப்பேரலை, 2006இல் மாவிலாற்றுப் பிணக்கோடு மூண்ட போர். ஊரோடு எழுந்து வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடிய மக்கள் 2007இல் மீண்டபோது, விட்டுச் சென்ற கால்நடைகள் பலருக்குக் கிடைக்கவில்லை. அதற்கு முன்னரும் எரிபொருளும் பற்றரியும் சோதனைச்சாவடியில் நின்றுபோன காலம் ஒன்று இருந்தது. அன்று ஆயுதத்தின் பேரால் தடுக்கப்பட்டது இன்று விலையின் பேரால் தடுக்கப்படுகிறது. பாதை திறந்திருக்கிறது, பாலங்கள் எழுந்திருக்கின்றன, பண்டம் மட்டும் வரவில்லை.

இது நம் ஊர்க் கமக்காரனின் துயர் மட்டுமன்று. செல்வத்திற் புரளும் அமெரிக்காவிலும் உழவர் இதே முறைப்பாட்டுடன் எழுந்தனர். இயந்திரத்தைச் செய்தவனே திருத்தவும் வேண்டும், பாகமும் மென்பொருளும் அவனிடமே வாங்கவேண்டும் என்னும் நிலையை எதிர்த்துப் போராடினர். கொலராடோ மாநிலம் 2023இல் உழவருக்குத் தம் இயந்திரத்தைத் தாமே திருத்தும் உரிமையைச் சட்டமாக்கியது. 2024 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு ஜோன் டியர் நிறுவனத்துக்கு எதிராக இவ்விடயத்தில் வழக்கே தொடுத்தது. அண்டை இந்தியாவிலும் 2022 யூலையில் திருத்தும் உரிமைக்கான சட்டகத்தை ஆராய மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தபோது, முதலில் எடுத்துக்கொண்ட துறைகளுள் கமத்தொழிற் கருவிகளும் இடம்பெற்றன. பெருநிலக்கிழார்கள் போராடிப் பெறும் உரிமையை மூன்று ஏக்கர்க் கமக்காரன் கேட்கக்கூடாதா?

அரசாங்கத்தை மட்டும் குறைகூறிவிட்டு ஓய்ந்திருப்பது அரசியலாகாது. நம் கையில் இன்றே உள்ளவை எவை என்பதையும் பார்ப்போம்.

முதலாவது சட்டம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. பழுதான பொருளை விற்றால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டமோ, இன்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால் பொருள் அத்தேவைக்குப் பொருந்தியதாக இருக்கவேண்டும் என்கிறது. ஆகவே, கமக்காரப் பெருமக்களே, கடையில் நின்று வாய்திறந்து சொல்லுங்கள்: இன்ன இயந்திரத்துக்கு, இன்ன இடத்துக்கு என்று. அதைப் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். தொலைபேசியில் வாங்கினாலும் பொதியோடு சீட்டை அனுப்பச் சொல்லுங்கள். சீட்டில்லாத கமக்காரனுக்கு எந்த வழக்கறிஞனும் உதவ இயலாது. எம்மிடம் வந்த முதியவருக்காக அக்கடைமீது நாம் எதுவும் செய்ய முடியாமற் போனது இதனாலேதான்.

இரண்டாவது அறிவு. பெயாரிங்கின் விளிம்பில் ஓர் எண் பொறித்திருக்கிறது. 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீற்றர். உலகில் எவர் செய்தாலும் அளவு அதுவே. ஒயில் சீலிலும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றும் அச்சிடப்பட்டிருக்கும். பெல்ட்டிலும் அதன் வகையும் நீளமும் உண்டு. இந்த எண்ணை அறிந்தவன் இயந்திர நிறுவனத்தின் பெயர் பொறித்த பெட்டிக்கு மட்டும் அடிமையாக வேண்டியதில்லை. தரமான வேறு நிறுவனத்தின் பொருளையும் விலை ஒப்பிட்டு வாங்கலாம். எண் பொறித்த போலிகளும் சந்தையில் உலாவுகின்றன. ஆகவே மலிவைக் கண்டு மயங்காமல், சீட்டுத் தரும் கடையையே நாடவேண்டும். தம் இயந்திரத்தின் எண்களை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது எந்தக் கமக்காரனுக்கும் ஒரு மாலைப்பொழுதின் வேலை. ஒயில் சீலை உழவுக்கு முன்பே மாற்றுவது அதனினும் சிறிய வேலை. பற்சில்லைக் காப்பதோ அதுவே.

மூன்றாவது ஒற்றுமை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற கமக்காரர் அமைப்பு சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். அது தன் பெயரில் வாங்கலாம், விற்கலாம், வழக்கும் தொடரலாம். இவ்வளவு பெரிய கருவியை வைத்துக்கொண்டு, உரமானியப் பட்டியலில் கையொப்பமிடுவதற்கு மட்டும் நாம் அதைப் பயன்படுத்துகிறோம்! ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு, தண்ணீர் விடும் நாளைத் தீர்மானிக்கும் கூட்டம் நடக்கிறதன்றோ? அதே கூட்டத்தில் ஒரு பட்டியலையும் தயாரியுங்கள். ஈச்சிலம்பற்றில் இத்தனை இருசில்லு இயந்திரம், இத்தனை நான்கு சில்லு, இத்தனை வெட்டும் இயந்திரம். சென்ற போகத்தில் அதிகம் உடைந்தவை இன்ன இருபது பாகங்கள். அந்த இருபதையும் மொத்த விலைக்கு வாங்கி, கமநல சேவை நிலையத்திலோ பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்திலோ ஓர் அலுமாரியிற் பூட்டி வையுங்கள். நாம் கேட்பது மாளிகையன்று, ஓர் அலுமாரி.

பணம் முடங்குமே என்று கேட்பவர்க்கும் மறுமொழி உண்டு. பெயாரிங் அழுகுவதில்லை. இப்போகத்தில் விற்காதது அடுத்த போகத்தில் விற்கும். தனிவியாபாரிக்கு இது நட்டமாகலாம். சிறிய ஊரில், ஆண்டில் இருமுறை மட்டும் விற்கும் சரக்கை அவர் எவ்வாறு அடுக்கி வைப்பார்? அவரைக் குறைகூறுவதிற் பயனில்லை. ஆகவேதான் அது கூட்டுறவின் வேலை என்கிறோம்.

படித்த அன்பர்களுக்கும் ஒரு சொல். பொறியியலாளர்களே, ஊர்தோறும் ஒருநாள் வந்து அந்தப் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுங்கள். கணக்காளர்களே, அலுமாரியின் கணக்கை எழுதக் கற்றுக்கொடுங்கள். வழக்கறிஞர்களே, லீசிங் ஒப்பந்தத்தில் கையொப்பம் விழுமுன் அதைக் கமக்காரனுக்குத் தமிழிற் படித்துக் காட்டுங்கள். யாம் படித்த அத்தகைய ஒப்பந்தம் எதிலும், இயந்திரம் ஓடாத மாதத்துக்குத் தவணை இல்லை என்னும் வரியைக் கண்டதில்லை. நீங்கள் உண்ணும் சோறு அந்த ஒயில் சீல் இருந்த சேற்றிலிருந்தே வருகிறது.

இனி, ஆள்வோரிடம் நாம் கேட்பவை. உழவு, அறுவடை இயந்திரங்களில் அடிக்கடி தேயும் பாகங்களைப் பெயர் சுட்டிப் பட்டியலிட்டு, உரத்தையும் விதைநெல்லையும் போல அவற்றையும் கமத்தொழில் உள்ளீடாக அறிவியுங்கள். “பெயாரிங் செல்வனின் காருக்கும் போகுமே, வரியை எப்படி நீக்குவது?” என்று திறைசேரி கேட்கும். நியாயமான கேள்விதான். எல்லாருக்கும் நீக்கவேண்டாம், பதிவுபெற்ற கமக்காரர் அமைப்பு தன் இயந்திரத் தொகைக்கேற்ப வாங்கும் அளவுக்கு மட்டும் வரியைத் திருப்பிக் கொடுங்கள். இயந்திரம் இறக்குமதி செய்யும் நிறுவனம் இத்தனை ஆண்டுக்குப் பாகம் கையிருப்பில் வைக்கவேண்டும், விலைப்பட்டியலையும் உத்தரவாதப் பத்திரத்தையும் தமிழிலும் தரவேண்டும் என்று விதியுங்கள். 2010இல் இந்திய அரசு வடமாகாணக் கமக்காரருக்கு 500 உழவு இயந்திரங்களை வழங்கியது, நன்றியோடு ஏற்றோம். இனி எவர் இயந்திரம் தந்தாலும், அதனோடு பாகத்துக்கும் திருத்துநர் பயிற்சிக்கும் வழி என்ன என்று முதலிற் கேளுங்கள். கையளிக்கும் நாளில் மாலை விழும். பெயாரிங் தேயும் நாளில் யார் வருவார்?

கமத்தொழிலும் கூட்டுறவும் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் மாகாணத்துக்குக் கிடைத்த அதிகாரங்கள். கிழக்கு மாகாண சபையோ 2017 செப்டெம்பரில் காலம் முடிந்து கலைந்தபின் தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்தன. அதிகாரப் பகிர்வு என்பது மேடைப்பேச்சுக்குரிய பெருஞ்சொல் என்று எண்ணுவோர் ஈச்சிலம்பற்றுக்கு வந்து பார்க்கட்டும். மாகாண சபை இருந்து, நமது உறுப்பினர் ஒருவர் எழுந்து, “என் பிரதேசத்துக்கு ஓர் அலுமாரி நிறைய உதிரிப்பாகம் வேண்டும்” என்று கேட்கக் கூடிய நிலையே அதிகாரப் பகிர்வு. அது இல்லாததால், அந்தக் கேள்வி கொழும்புக்குப் போய், மொழி தெரியாத மேசையொன்றில் உறங்குகிறது.

அந்த முதியவரின் இயந்திரம் இப்போது ஓடுகிறது. தவணையைத் தீர்க்க அவர் விற்றது தம் மனைவியின் காப்பு. ஒரு வளையத்துக்காக ஒரு வளையல் போயிற்று. அடுத்த போகத்தில் எந்த வீட்டில் எது போகப் போகிறது?

தண்ணீர் திறக்கும் நாள் குறிக்கும் கூட்டத்துக்கு முன்னரே அலுமாரிக்குரிய பட்டியலை எழுதத் தொடங்குவோம். மாகாண சபைக்கு வாதாடுவதையும் விடமாட்டோம். அதுவரை மண் காத்திருக்காது என்பதையும் மறக்கமாட்டோம்.